கலாயோகி ஆனந்த குமாரசுவாமி: தந்தைமொழி கேளாது வளர்ந்த பிள்ளை

ஈழத்திருநாடு உலகுக்கு அளித்த பேரறிஞர்கள் யாவர் என வினவுவோர்க்கு நம்மவர் உடனே எடுத்துச் சொல்லும் பெயர்களுள் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி என்பதும் ஒன்றாகும். நாவலர் பெருமானையும் விபுலானந்த அடிகளையும் போற்றும் மேடைகளிலே இவரையும் போற்றுகின்றோம். பொஸ்ரன் நகர நூதனசாலையில் முப்பது ஆண்டு வீற்றிருந்த தமிழர் என்று சொல்லி மகிழ்கின்றோம். அவர் நூல்களின் பெயர்களை மனனஞ்செய்து ஒப்புவிப்போரும் உளர். ஆயின் அவர் எவ்வாறு எம்மவர் ஆனார் என்ற வினாவை நாம் கேட்பது அரிது.

உண்மை யாதெனின், அவர் யாழ்ப்பாணத்திற் பிறந்தவரல்லர். விசயதசமி நாளில் ஏடு தொடக்கி, பச்சரிசியில் அகரம் எழுதப் பழகியவரல்லர். பாட்டியின் மடியிற் கிடந்து கந்தபுராணக் கதை கேட்டவரல்லர். தேவாரம் ஓதும் ஒலியும், கோயில் மணியோசையும், பனையோலை சலசலக்கும் ஓசையும் அவருடைய செவியில் வீழாத தொலைவிலே வளர்ந்தார். தமிழில் ஒரு நூலும் அவர் எழுதினாரல்லர். அப்படிப்பட்ட ஒருவர் தில்லைக் கூத்தனின் திருநடனத்தை உலகத்தார்க்கு விளக்கிக் காட்டினார் என்றால், அதனை வெறும் பெருமையாக மட்டும் எண்ணி அமைந்துவிடுதல் எனக்கு இயலவில்லை.

இது எனக்கு வெறும் ஆராய்ச்சி வினாவுமன்று. மிஷன் பாடசாலை ஒன்றிற் படித்து வளர்ந்தவன் நான். காலையிற் செபமும் வேதாகம பாடமும். வெள்ளிக்கிழமை மாலையில் வேட்டி உடுத்துத் திருநீறணிந்து கோயில் வீதியிற் பஜனை. தாவீது அரசனின் கதையும் தெரியும், தருமபுத்திரன் கதையும் தெரியும். ஆனால் இரண்டில் எது என் கதை என்று சிறுவயதிற் கேட்டிருந்தால் சற்றுத் திகைத்திருப்பேன். இச்சங்கத்தில் என்னைப் போன்ற நண்பர்கள் பலர் உளர். ஆகவேதான் அப்பெரியாரின் நூல்களைக் காட்டிலும் அவருடைய பிள்ளைப் பருவமே என் மனத்தை இழுத்தது.

குமாரசுவாமி குடும்பத்தின் வேர் பருத்தித்துறைப் பகுதியிலுள்ள கெருடாவிற் கிராமத்தில் ஊன்றியது. அக்குடும்பத்திலே தோன்றி, கொழும்பில் அரசாங்க மொழிபெயர்ப்பாளராக விளங்கி, இராசவாசல் முதலியார் என்னும் பதவி பெற்றவர் ஆனந்தரின் பாட்டனார். சட்டநிரூபண சபையிற் தமிழரின் முதற் பிரதிநிதியாக அமர்ந்தவரும் அவரே. அவர் 1836ஆம் ஆண்டிற் காலமானபோது மகன் முத்துக்குமாரசுவாமிக்கு வயது மூன்றுகூட நிரம்பவில்லை. தந்தையை அறியாது வளர்ந்த அம்மைந்தன், கொழும்பு அக்கடமியிற் கற்று, சட்டநிரூபண சபையிலும் தந்தையின் இடத்தில் அமர்ந்து, பின் இங்கிலாந்து சென்று 1863இல் பாரிஸ்டர் ஆனார். கிறித்தவரோ யூதரோ அல்லாத ஒருவர் ஆங்கில நாட்டிற் பாரிஸ்டராக ஏற்கப்பட்டது அதுவே முதற்றடவை.

முத்துக்குமாரசுவாமி அவர்களின் வாழ்வு தனியே ஒரு நூலுக்கு உரியது. அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1863இல் இலண்டனில் வெளியிட்டார். விக்ரோறியா மகாராணியார் முன்னிலையில் தாமே அதனை நடித்துக் காட்டினார் என்றுஞ் சொல்வர். பாளி மொழியிலுள்ள தாதாவம்சத்தையும் சுத்த நிபாதத்தின் ஒரு பகுதியையும் 1874இல் ஆங்கிலமாக்கினார். சைவர் ஒருவர் பௌத்த நூலை எடுத்து ஆங்கிலேயருக்கு விளக்கினார் என்பதைக் கவனிக்கவேண்டும். அதே ஆண்டில் அவர்க்குச் சேர் பட்டம் கிடைத்தது. மறுவருடம், 1875இல், இங்கிலாந்தின் கென்ற் மாகாணத்தைச் சேர்ந்த எலிசபெத் கிளே பீபி என்னும் பெண்மணியை மணந்து கொழும்புக்கு அழைத்து வந்தார். சாதியும் குலமும் பார்த்துக் கலியாணம் பேசும் நம் சமுதாயத்தில், அதுவும் அந்தக் காலத்தில், இச்செய்தி எத்தனை திண்ணைகளிற் பேசப்பட்டிருக்கும் என்பதை நம் பெரியோர்கள் ஊகித்துக்கொள்வார்கள்.

1877ஆம் ஆண்டு ஆகஸ்ற் மாதம் 22ஆந் திகதி கொழும்பு கொள்ளுப்பிட்டியில் மகவு பிறந்தது. பிள்ளைக்கு இட்ட பெயர் ஆனந்த கென்ரிஷ் குமாரசுவாமி. இப்பெயரைச் சற்று நிறுத்திப் பார்த்தல் நன்று. ஆனந்தம் என்பது சைவர்க்கு நடராசப் பெருமானின் கூத்து. பௌத்தர்க்குப் புத்தரின் அணுக்கத் தொண்டரின் பெயர். கென்ரிஷ் என்பது தாய் பிறந்த கென்ற் மாகாணத்தைக் குறிக்குஞ் சொல். குமாரசுவாமி என்பது கெருடாவிலிலிருந்து வந்த முருகன் திருநாமம். வடமொழியும், ஆங்கில மண்ணும், யாழ்ப்பாணத்துக் குடும்பமும் அந்த ஒரு பெயருக்குள்ளே அடங்கின. இனிமேல் வரப்போகும் வாழ்க்கை முழுவதையும் பெற்றோர் அன்றைக்கே எழுதி வைத்துவிட்டனரோ என்று எண்ணத் தோன்றுகிறது.

பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்புமுன் தாயார் அதனை எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் பயணமானார். தந்தையார் பின்னாற் சென்று சேர்வதாக ஏற்பாடு. கப்பலேறுவதற்குக் குறித்த நாள் 1879ஆம் ஆண்டு மே மாதம் 4ஆந் திகதி. அந்த நாளிலேயே அவர் கொழும்பிற் காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து. தந்தையின் முகம் நினைவில் தங்கக்கூடிய வயதன்று பிள்ளைக்கு. தந்தை தம் தந்தையை அறியாதது போலவே மைந்தனும் அறியாது வளரலானான்.

இங்கே ஒரு செய்தியை இடையிற் சொல்லியாகவேண்டும். முத்துக்குமாரசுவாமி மறைந்ததனால் வெற்றிடமான சட்டநிரூபண சபை ஆசனத்துக்கு, அவருடைய தமக்கையார் மகனாகிய பொன்னம்பலம் இராமநாதன் அவர்களே தகுந்தவர் என யாழ்ப்பாணத்திற் கூட்டங் கூட்டி ஆதரவு திரட்டியவர் நம் நாவலர் பெருமான். அவ்வாண்டு டிசம்பர் மாதத்திற் பெருமானும் சிவபதம் அடைந்தார். இராமநாதன், அருணாசலம் ஆகிய சகோதரர்கள் ஆனந்தருக்கு அத்தை மக்கள், மச்சான் முறையினர். ஒருவர் மருதனார்மடத்திற் பெண்களுக்கு ஒரு கல்லூரி நிறுவினார். மற்றவர் ஈழத்துத் தேசிய இயக்கத்தின் தந்தை என மதிக்கப்பட்டார். அவர்கள் தாத்தா, பாட்டி, மாமன், மச்சான் எனச் சுற்றம் சூழ்ந்த வீட்டிலே, தந்தையார் கட்டுவித்த கொழும்புப் பொன்னம்பலவாணேசர் கோயில் வழிபாட்டோடு வளர்ந்தவர்கள். அதே குடும்பத்துப் பிள்ளை ஆனந்தர், தேம்ஸ் நதிக் கரையிலுள்ள வோல்ற்றன் என்னும் ஊரிலே, தாயும் பாட்டியும் சிற்றன்னையுமாகப் பெண்கள் மட்டுமே இருந்த ஓர் ஆங்கில இல்லத்தில் வளர்ந்தார். அவ்வீட்டிற் பேசப்பட்ட மொழி ஆங்கிலம். அதுவே அவருக்குத் தாய்மொழியும் ஆயிற்று. நாம் வழக்கமாகத் தாய்மொழி எனச் சொல்லும் தமிழ் அவருக்குத் தந்தைமொழி. அம்மொழியைப் பேசிக் காட்டத் தந்தை உயிரோடு இல்லை.

பன்னிரண்டு வயதளவில் அவரை விக்கிளிவ் கல்லூரியிற் சேர்த்தனர். அது குளொஸ்ரர் மாகாணத்து ஸ்ரோன்ஹவுஸ் என்னும் ஊரில் உள்ள விடுதிப் பாடசாலை. விவிலிய நூலை ஆங்கிலமாக்கிய யோன் விக்கிளிவ் என்பவரின் பெயர் தாங்கியது. காலத்தை ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஒரு விந்தை புலப்படுகிறது. அதே ஆண்டுகளில்தான் யாழ்ப்பாணத்துப் பெரியோர், நம் பிள்ளைகள் மிஷன் பாடசாலைகளிற் கற்று நம் சமயத்தை மறக்கின்றார்களே எனக் கவலையுற்றுச் சைவபரிபாலன சபையை 1888இல் நிறுவினர். மறுவருடம் ‘இந்து சாதனம்’ பத்திரிகையைத் தொடங்கினர். 1890இல் இந்துக் கல்லூரியைத் தாபித்தனர். இங்கே வேலி கட்டிக்கொண்டிருந்த வேளையில், பருத்தித்துறைப் பரம்பரைப் பிள்ளை ஒன்று வேலியே இல்லாத தொலைவில் ஆங்கிலப் பிள்ளைகளோடு ஓடி விளையாடிக்கொண்டிருந்தது. நாவலர் பெருமானும் பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிற் கற்றவர், அங்கே கற்பித்தவர், வேதாகம மொழிபெயர்ப்புக்கு உதவியவர் என்பதை இவ்விடத்தில் மறக்கலாகாது. வேலியின் இருபுறமும் நின்று பார்த்தவரே வேலியின் தேவையையும் உணர்ந்தார்.

விக்கிளிவில் ஆனந்தர் என்ன செய்தார்? கல் பொறுக்கினார். விளையாட்டாகச் சொல்லவில்லை. அயலிலிருந்த குன்றுகளில் ஏறித் திரிந்து பாறைகளையும் கற்சுவடுகளையும் ஆராய்ந்தார். டவ்ரோ என்னும் குன்றின் புவிச்சரிதத்தைப் பற்றி 1895ஆம் ஆண்டு பாடசாலைச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வரைந்தார். உலகம் போற்றும் நூறு நூறு கட்டுரைகளுக்குத் தொடக்கம் அந்தப் பாடசாலைச் சஞ்சிகைக் கட்டுரையே. (இம்மலருக்கு எழுதத் தயங்கும் தம்பிமார் இதனைக் கவனிப்பார்களாக.) பின்னர் இலண்டன் யூனிவர்சிற்றிக் கல்லூரியிற் பயின்று, புவிச்சரிதவியலிலும் தாவரவியலிலும் முதல் வகுப்பில் 1900ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். மொழிகளிலும் நாட்டம் மிக்கவர். ஐஸ்லாந்து நாட்டின் பழம்பாடல் ஒன்றை ஆங்கிலமாக்கி 1905இல் கண்டியில் அச்சிட்டார். வடதுருவத்தை அடுத்த நாட்டின் தெய்வப்பாடல், ஆங்கிலத்தில் வளர்ந்த தமிழர் கையால், கண்டி மலைநாட்டில் அச்சேறிய வேடிக்கையை என்னென்பது!

தாய்நாட்டுக்கு அவர் திரும்பி வந்தது கலைக்காக அன்று, கல்லுக்காகவே. 1903 தொடக்கம் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராகக் கடமையாற்றினார். அக்காலத்தில் அவர் கண்டெடுத்த புதிய கனிப்பொருளே தோரியனைற். கதிர்வீசும் மூலகங்களைப் பற்றி ஐரோப்பிய விஞ்ஞானிகள் பரபரப்பாக ஆராய்ந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அக்கண்டுபிடிப்பு அவருடைய பெயரை விஞ்ஞான உலகில் நிலைநாட்டியது. இலண்டன் சர்வகலாசாலை 1906இல் டொக்டர் பட்டம் வழங்கியது. அத்தோடு அமைந்திருந்தால் ஓய்வூதியம் பெற்ற ஒரு பெரிய உத்தியோகத்தராக அவர் மறைந்திருப்பார்; யாரும் மலர் வெளியிடப் போவதில்லை.

ஆனால் கனிப்பொருள் தேடி மலைநாட்டுக் கிராமங்களூடே மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் திரிந்த அவருடைய கண்களில் வேறு பொருள்கள் பட்டன. அரக்கு வேலை செய்யும் குடும்பங்கள், பித்தளை வார்ப்போர், யானைத்தந்தம் கடைவோர், பாய் பின்னுவோர், விகாரைச் சுவர்களிற் சித்திரம் தீட்டுவோர் ஆகியோரைக் கண்டார். 1815இல் கண்டி அரசு வீழ்ந்தபின் ஆதரிப்பார் இன்றி அத்தொழில்கள் தேய்ந்துகொண்டிருந்தன. நம் நாட்டவரோ பித்தளைக் குத்துவிளக்கைக் கொடுத்துவிட்டுச் சீமைக் கண்ணாடி விளக்கை வாங்கிக்கொண்டிருந்தனர். இங்கிலாந்திலே ஜோன் ரஸ்கின், வில்லியம் மொரிஸ் ஆகியோர் இயந்திர ஆலைகள் கைவினைஞனை அழித்துவிட்டன எனப் புலம்பியதைப் படித்து வளர்ந்தவர் ஆனந்தர். அங்கே ஏற்கெனவே இறந்துபோனது இங்கே இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருப்பதை அவர் கண்டுகொண்டார். கிராமத்திற் பிறந்து அக்கைவினைப் பொருள்களை நாள்தோறும் புழங்கியவருக்கு அவற்றின் அருமை தெரியவில்லை; புழங்காது வளர்ந்தவருக்குத் தெரிந்தது.

அவ்வுணர்ச்சியால் 1905இல் இலங்கைச் சமுதாயச் சீர்திருத்தச் சங்கத்தை அன்பர் சிலரோடு தொடங்கினார். ஐரோப்பிய நடையுடை பாவனைகளை ஆராயாது பின்பற்றுதல் தகாது, பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி வேண்டும் என்பன அச்சங்கத்தின் கொள்கைகள். தமக்குக் கிட்டாத ஒன்றைப் பிறர் பிள்ளைகளுக்கு வேண்டுமென அவர் கேட்டார் என்பதே என் நெஞ்சைத் தொட்டது.

மலைநாட்டில் திரட்டிய செய்திகளையெல்லாம் சேர்த்து எழுதிய ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல் 1908இல் நிறைவுற்றது. புகைப்படங்களை எடுத்தவர் அவருடைய முதல் மனைவியார் எதெல். அவர் பின்னாளில் நெசவுக் கலையிற் பெரும்பெயர் பெற்றவர். இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில், வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அதே அச்சியந்திரத்தில், கையாற் சுற்றி, ஓராண்டுக்கு மேலாக அச்சடித்து, 425 பிரதிகள் மட்டும் வெளியிட்டார்கள். தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஒருவர் சிங்களக் கலைஞனுக்கு எழுப்பிய நினைவுச்சின்னம் அது. இந்நாட்டிற் பின்னர் நிகழ்ந்தவற்றையெல்லாம் கண்ட நாம் அந்நூலைக் கையில் எடுக்கும்போது சொல்லத் தெரியாத ஓர் ஏக்கம் எழுகிறது. அது யாருடைய கலை என்று அவர் கேட்கவில்லை. நம் கலை என்றே எடுத்துக்கொண்டார்.

பின்னர் இந்தியாவுக்குச் சென்றார். கல்கத்தாவிலே தாகூர் குடும்பத்தாரோடு பழகினார். வட இந்தியாவில் ஊரூராகத் திரிந்து, பிறர் மதியாதிருந்த இராசபுத்திர ஓவியங்களைச் சேகரித்து, 1916இல் இரு பாகங்களாக நூல் வெளியிட்டார். 1910ஆம் ஆண்டில் இலண்டனில் நடந்த கூட்டமொன்றில் சேர் யோர்ஜ் பேர்ட்வுட் என்பவர், இந்தியாவில் நுண்கலை என ஒன்று உண்டோ என ஐயுற்று, யாவகத்துப் புத்தர் சிலை ஒன்றை அவித்த கொழுப்புப் பண்டத்துக்கு ஒப்பிட்டு இகழ்ந்தார். அதனை மறுத்து எழுந்தோர் நிறுவிய இந்தியா சங்கத்தில் ஹவெல் முதலியோருடன் ஆனந்தரும் நின்றார். ஆங்கிலேயர்க்கு அவர்கள் மொழியிலே, அவர்கள் மதிக்கும் நூல்களைக் கொண்டே விடை சொல்ல வல்லவராய் அவர் இருந்தார். அந்த வல்லமையை அவருக்குத் தந்தது விக்கிளிவும் வோல்ற்றனுமே என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தமிழரும் சைவருமாகிய நாம் அவருக்குப் பட்ட கடன் யாதெனின், நடராச தத்துவ விளக்கமாகும். ‘சிவ நடனம்’ என்னும் கட்டுரை முதலில் வெளிவந்தது நியூயோர்க்கிலன்று. சென்னையிலிருந்து வெளிவந்த ‘சித்தாந்த தீபிகை’ என்னும் சைவ சஞ்சிகையில், 1912ஆம் ஆண்டில். ஜே. எம். நல்லசுவாமிப்பிள்ளை போன்றோர் சைவ சித்தாந்த சாத்திரங்களை ஆங்கிலத்திற் பெயர்த்து வைத்திருந்த காலம் அது. திருமூலரையும் உண்மை விளக்கத்தையும் ஆனந்தர் அவ்வழியே சென்று அடைந்தார். உடுக்கை படைத்தலையும், அபயகரம் காத்தலையும், தீச்சுடர் அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும் என்பது நம் ஓதுவாரும் பண்டிதரும் வழிவழியாக அறிந்ததே. நாம் சிறுபராயந் தொட்டே கேட்டுப் பழகியதனாற் கேளாதவர் போல் ஆகிவிட்டோம். அவரோ முப்பத்தைந்து வயதில் முதன்முதலாகக் கேட்பவர் போற் கேட்டு வியந்தார். அவ்வியப்பே அக்கட்டுரையின் உயிர். பொலநறுவையிலே சிவன் கோயிற் பகுதியில் அகழ்ந்தெடுத்த செப்புத் திருவுருவங்களைப் பற்றியும் 1914இல் கொழும்பு நூதனசாலைக்கு ஒரு நூல் எழுதிக் கொடுத்தார். ‘சிவ நடனம்’ பதினான்கு கட்டுரைகள் அடங்கிய நூலாக 1918இல் நியூயோர்க்கில் வெளிவந்தது. 2004ஆம் ஆண்டில் ஜெனீவா நகரத்து அணு ஆராய்ச்சி நிலையத்தில் இந்திய அரசாங்கம் இரண்டு மீற்றர் உயரமுள்ள நடராசர் திருவுருவத்தை நிறுவியபோது, அருகே பதித்த பலகையில் ஆனந்த குமாரசுவாமியின் பெயரும் பொறிக்கப்பட்டது. தோரியனைற்றைக் கண்டெடுத்தவரின் பெயர் அணு விஞ்ஞானிகளின் முற்றத்தில் நடராசர் வழியாகச் சென்று சேர்ந்தது பொருத்தமே.

இந்தியாவில் நிரந்தரமாகத் தங்கவே அவர் விரும்பினார். தம் கலைச் செல்வம் முழுவதையும் கொடுக்கின்றேன், காசியில் ஒரு தேசிய நூதனசாலை அமையுங்கள் எனக் கேட்டார், பொருள் திரளவில்லை. முதல் உலகப் போரில் ஆங்கிலப் படைக்குச் சேவை செய்ய மறுத்தார். 1917இல் அச்செல்வம் பொஸ்ரன் நூதனசாலையைச் சேர்ந்தது. அவரும் அதன் காப்பாளராக அமெரிக்கா சென்றார். இல்லற வாழ்வு அமைதியாக ஓடியதென்று சொல்வதற்கில்லை. நான்கு முறை மணம் புரிந்தார். ஊரும் உறவும் நிலைக்காத பிள்ளைப் பருவத்தின் நிழல் அதிலும் விழுந்ததோ என நினைக்கத் தோன்றுகிறது. ஆயினும் பிறர் இல்லத்துள் எட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

ஒரு விடயத்தில் அவரை நான் ஏற்க இயலாதவனாய் உள்ளேன். பழைய சமுதாய அமைப்பை, சாதிமுறை உட்பட, அவர் மிக உயர்த்தி எழுதினார். ஒவ்வொருவனும் தன் குலத்தொழிலைத் தெய்வ வழிபாடாகச் செய்தான் என்பது அவர் கண்ட காட்சி. தொலைவில் நின்று பார்த்தவருக்குக் கோபுரத்தின் அழகு முழுவதும் தெரிந்தது. கோயில் வாசலிலே தடுத்து நிறுத்தப்பட்டவனின் முகம் தெரியவில்லை. 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாசலில் நடந்ததை நம் பெரியோர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த வாசலை அண்டி வளர்ந்த பிள்ளையாக அவர் இருந்திருப்பின் அவ்வாறு எழுதியிருப்பாரோ? இருந்திருப்பின், மறுபுறத்தில், அக்கோபுரத்தை உலகுக்குக் காட்டும் கண்ணும் அவருக்கு வாய்த்திருக்குமோ? இவ்விரண்டு வினாக்களையும் நண்பர்களோடு பலமுறை வாதித்துள்ளேன், முடிவு காணவில்லை.

பொஸ்ரனில் கழித்த பின்னாட்களில் அவருடைய எழுத்து மாறியது. கலையின் பின்னே நிற்கும் மெய்ப்பொருளை ஆராயத் தலைப்பட்டார். முதன்முறை அந்நூல்களைக் கல்லூரி நூலகத்தில் எடுத்துப் புரட்டியபோது நான் ஏமாற்றமடைந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். உபநிடதம் இருக்குமெனத் திறந்தால் அதே பக்கத்தில் புளோட்டினஸ் என்னும் கிரேக்க ஞானி. கீதை இருக்குமெனப் பார்த்தால் எக்கார்ட் என்னும் ஜேர்மானியத் துறவி. அடிக்குறிப்புகளிலே விவிலிய வசனங்கள். எந்தப் பக்கம் நிற்கின்றார் என்று எனக்குப் புரியவில்லை. பின்னரே விளங்கிற்று. தாயின் நாட்டார் வணங்கியதையும் தந்தையின் நாட்டார் வணங்கியதையும் தனித்தனி அறைகளிற் பூட்டி வைக்காமல், ஒரே முற்றத்திற் கொண்டுவந்து வைத்திருக்கின்றார். அதற்காக அவர் ஒன்றை மற்றதாக மாற்றவில்லை. மதம் மாற்றும் முயற்சிகளை வன்மையாகக் கண்டித்தவர் அவர். கிறித்தவ ஞானிகளை அவர் மதித்த அளவுக்குப் பல கிறித்தவரே மதித்ததில்லை என்றாலும் மிகையாகாது. என் பழைய வேதாகம ஆசிரியர் ஒருவரிடம் அவருடைய ‘இந்து சமயமும் பௌத்தமும்’ என்னும் சிறு நூலைக் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு கிழமை வைத்திருந்து படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். ஒன்றுஞ் சொல்லவில்லை, ஆனால் சில பக்கங்களில் மெல்லிய பென்சிற் கோடுகள் இருந்தன.

1947ஆம் ஆண்டு ஆகஸ்ற் மாதம் 15ஆந் திகதி இந்தியா சுதந்திரம் அடைந்தது. ஒரு கிழமை கழித்து, 22ஆந் திகதி, அவருடைய எழுபதாவது பிறந்த நாள். நண்பர்கள் பொஸ்ரனில் விருந்தளித்தனர். அவ்விருந்தில், அடுத்த ஆண்டு மனைவியாருடன் இந்தியாவுக்குத் திரும்பி விடுவதாகவும், எஞ்சிய நாட்களை அங்கே இமயத்தை அடுத்து அமைதியாகக் கழிக்க எண்ணியிருப்பதாகவும் அறிவித்தார். மகன் இராமர் அரித்துவாரத்திலுள்ள குருகுலத்தில் வடமொழியும் இந்தியும் பயின்றுகொண்டிருப்பதையும் மகிழ்ச்சியோடு சொன்னார். தமக்கு வாய்க்காத இளமையை மகனுக்குத் தேடிக் கொடுத்த தந்தையின் மகிழ்ச்சி அது.

செப்ரெம்பர் 9ஆந் திகதி, பொஸ்ரனை அடுத்த நீடம் என்னும் ஊரிலுள்ள தம் இல்லத்தில் அவர் காலமானார். தந்தையைப் போலவே அவரும் பயணத்துக்கு ஆயத்தமாகிப் புறப்படாது போயினார். இராமர் பின்னர் அமெரிக்காவிற் சத்திரசிகிச்சை நிபுணரானார். கத்தோலிக்க சமயத்தைத் தழுவி, முதுமையிற் குருவாகவும் திருநிலைப்படுத்தப்பட்டு, 2006இல் மறைந்தார்.